மின்வில் விபத்து: உயிரைக் காக்கும் மில்லி விநாடிகள்

புதுதில்லி: நாட்டின் மின் விநியோகக் கட்டமைப்பு பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய சீரமைக்கப்பட்ட விநியோகத் துறைத் திட்டத்தின் மதிப்பீடு மட்டும் ரூ.3.03 லட்சம் கோடி. மின் இழப்பை 12 முதல் 15 சதவீதம் என்ற அளவுக்குக் குறைப்பது அத்திட்டத்தின் முக்கிய இலக்குகளுள் ஒன்று. துணை மின் நிலையங்களுக்குப் புதிய சாதனங்கள் வாங்கப்படும் இவ்வேளையில், அவற்றின் முன் நின்று பணியாற்றும் ஊழியரின் பாதுகாப்புக்கு ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் எத்தகைய இடம் தரப்படுகிறது என்பது முக்கியக் கேள்வியாகிறது.

மின்சாரத்தைத் திறந்து மூடும் பிரேக்கர், ரிலே, பஸ்பார் ஆகியவற்றை உள்ளடக்கிய உலோகப் பேனல்களின் தொகுப்பே ஸ்விட்ச்கியர் எனப்படுகிறது. தளர்ந்த இணைப்பு, ஈரப்பதம், படிந்த தூசி, உள்ளே புகுந்த எலி அல்லது பல்லி, பராமரிப்பின்போது மறந்து விடப்பட்ட கருவி என ஏதேனும் ஒன்று போதும். இரு கடத்திகளுக்கு இடையிலான காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். இதுவே மின்வில்.

அதன் மையத்தில் வெப்பநிலை 20,000 டிகிரி செல்சியஸை நெருங்கக்கூடும். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையோ சுமார் 5,500 டிகிரிதான். இந்த வெப்பத்தில் தாமிரம் ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிவடைவதால், பேனலின் கதவு வெடித்துச் சிதறும். மின்கம்பியைத் தொடாமல் சில அடி தொலைவில் நிற்பவரும் கடும் தீக்காயத்துக்கு உள்ளாவது இதனால்தான்.

தாமதத்தின் காரணம்

பேனலில் ஏற்கெனவே பாதுகாப்பு ரிலே இருக்கும்போது விபத்து எவ்வாறு நேர்கிறது என்ற ஐயம் இயல்பானது. வழக்கமான ரிலே, மின்னோட்டம் வரம்பு மீறுவதைக் கொண்டே பிழையை உணர்கிறது. மின்வில்லுக்கு மின்தடை உண்டு என்பதால், அதன் வழியே பாயும் மின்னோட்டம் நேரடிக் குறுக்குச் சுற்றில் பாய்வதைவிடக் குறைவு. ஆகவே ரிலே மேலும் காத்திருக்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. ஒரு கிளைப் பாதையில் பிழை நேர்ந்தால் ஊர் முழுவதும் இருளில் மூழ்கக் கூடாது என்பதற்காக, கிளையின் பிரேக்கர் முதலில் இயங்கவும், தலைமை பிரேக்கர் அதன் பின்னரே இயங்கவும் கால இடைவெளி அமைக்கப்படுகிறது. மின்வில் பஸ்பாரில் தோன்றினாலோ தலைமை பிரேக்கர்தான் இயங்கியாக வேண்டும். அதாவது, ஆற்றல் மிகுந்து குவிந்துள்ள இடத்திலேயே காத்திருப்பு நேரமும் அதிகம்.

மின்வில் உமிழும் ஆற்றல், அது நீடிக்கும் நேரத்தைப் பொறுத்துப் பெருகுகிறது. சுமார் 100 மில்லி விநாடிக்குப் பின் கேபிள்களும், 150-க்குப் பின் தாமிரமும், 200-க்குப் பின் எஃகும் பாதிப்புக்குள்ளாகத் தொடங்கும் என்பது இத்துறையில் பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. வழக்கமான ரிலேயின் காத்திருப்பு பெரும்பாலும் இதனைக் கடந்துவிடுகிறது.

இதற்கான தீர்வு ஒளியில் உள்ளது. பேனலின் உள்ளே பொருத்தப்படும் ஒளி உணரிகள் மின்வில்லின் வெளிச்சத்தைச் சில மில்லி விநாடிகளில் கண்டறிகின்றன. டார்ச் ஒளியாலோ கேமரா வெளிச்சத்தாலோ தவறான துண்டிப்பு நேராதிருக்க, ஒளியும் மின்னோட்ட உயர்வும் ஒருசேரத் தென்பட்டால் மட்டுமே துண்டிப்பு ஆணை செல்லும் வகையில் இவற்றை அமைக்கலாம். பிரேக்கர் இயங்குவதற்கு 50 முதல் 80 மில்லி விநாடி ஆனாலும், மொத்த நேரம் 100 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும்.

விதியின் விருப்பப் பகுதி

உயர் மின்னழுத்த பேனல்களுக்கான ஐஇசி 62271-200 தரநிலையை இந்தியாவும் ஏற்றுள்ளது. உள்ளே மின்வில்லை உண்டாக்கி, கதவு திறக்கிறதா, சுற்றிலும் வைக்கப்பட்ட பருத்தித் துணி தீப்பற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை அதில் இடம்பெற்றுள்ளது. ஆயினும், அச்சோதனை அனைத்து பேனல்களுக்கும் கட்டாயமன்று. வாங்குபவர் கேட்டால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். குறைந்த விலை கோரியவருக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறையில், கேட்கப்படாத பாதுகாப்பு தானாக வந்து சேர்வதில்லை. மேலும், அத்தகுதிச் சான்று கதவு மூடியிருக்கும் நிலைக்கே பொருந்தும். பராமரிப்புக்காகக் கதவைத் திறப்பவருக்கு, மின்சாரத்தை முழுமையாகத் துண்டிப்பதே முதன்மைப் பாதுகாப்பு.

எத்தனை விரைவான ரிலேயும் பேட்டரியின்றிச் செயலிழந்துவிடும். ரிலேக்கும் பிரேக்கரின் துண்டிப்புச் சுருளுக்கும் தேவையான நேர்மின்னோட்டத்தைத் துணை மின் நிலையத்தின் பேட்டரித் தொகுப்பே வழங்குகிறது. 2020 ஆகஸ்ட் 20-ஆம் தேதி இரவு, தெலங்கானாவின் 900 மெகாவாட் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி நீர்மின் நிலையத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் 9 பேர் உயிரிழந்தனர். மின் பேனலில் ஏற்பட்ட குறுக்குச் சுற்றிலிருந்து தீ தொடங்கியதாக முதற்கட்டத் தகவல்கள் தெரிவித்தன. இறந்தவர்களுள் பேட்டரி நிறுவன ஊழியர் இருவரும் அடங்குவர். பேனலில் தோன்றும் தீப்பொறி, புகை வெளியேற வழி குறைந்த இடத்தில் எத்தகைய பேரிழப்பாக மாறும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

கணக்கில் வராத இழப்பு

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2021-ஆம் ஆண்டில் மின்சாரம் தாக்கி உயிரிழந்தோர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. தீ விபத்து மரணங்கள் வேறு தலைப்பில் பதிவாகின்றன. மின்வில் தீக்காயத்துக்கெனத் தனித் தலைப்பு இல்லை. எண்ணிக்கையே தெரியாத ஓர் ஆபத்துக்கு நிதி ஒதுக்குமாறு எந்த அதிகாரியும் வலியுறுத்துவது கடினம்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள், மின் நிறுவனங்கள் மின் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் எனக் கூறுகின்றன. மின்வில் விபத்துகளைத் தனியே பதிவு செய்யும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். பழைய பேனலில் ஒளி உணரி பொருத்த மின்தடை தேவைப்படும். புதிய பேனலுக்கு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். ஒருமுறை நிறுவப்படும் ஸ்விட்ச்கியர் பல பத்தாண்டுகள் இயங்கக்கூடியது. இன்று விடுபடும் நிபந்தனையின் விளைவை, அத்தனை ஆண்டுகளும் அதன் முன் நிற்கப்போகும் ஊழியர்களே சுமக்க நேரிடும்.