நோயாளிக்குப் பேர் இருக்குய்யா!

"பன்னெண்டாம் பெட் ஸ்ப்ளீன் பாத்தாச்சா?"

கறிக்கடையில் சுவரொட்டி கேட்கிற பேச்சு இல்லை மக்களே. மருத்துவக் கல்லூரி வார்டில் தினமும் காதில் விழுகிற பேச்சு. மண்ணீரல் வீங்கிப் படுத்திருக்கிற ஒரு பெரியவர் கட்டில் நம்பராகவும் ஓர் உறுப்பாகவும் சுருங்கிட்டார். வீக்கம் கைக்கு நல்லா தட்டுப்பட்டால் அவர் 'நல்ல கேஸ்'. நோவு அவருக்கு, நல்லது நமக்கு. என்ன கொடுமை சார் இது!

நானும் மருத்துவ மாணவன்தான். தொட்டுப் பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கத்துக்க முடியும், அதுல எனக்குச் சண்டையே கிடையாது. பதினைஞ்சு பேர் வரிசையா வந்து வயித்தை அமுக்கும்போது, ஒருத்தர்கூட "பாக்கலாமாங்கய்யா?"ன்னு கேக்காததுலதான் சண்டை.

இதே ஆளுங்களைப் பரீட்சை அன்னிக்குப் பாக்கணுமே! வணக்கம் சொல்வாங்க. பேர் கேப்பாங்க. அனுமதி வாங்கி, திரையை இழுத்துவிட்டு, உள்ளங்கையைத் தேய்ச்சுச் சூடாக்கி, அமுக்கும்போது வலிக்குதான்னு முகத்தையே பாப்பாங்க. இல்லேன்னா மார்க் போயிடுமே! ஆக, தெரியாம இல்லை. மார்க் இல்லாத நாளில் மரியாதையும் இல்லை, அவ்வளவுதான்.

2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாத்தினப்போ மனப்பான்மை, அறம், நோயாளியிடம் பேசும் முறை மூணையும் சேர்த்து 'ஏட்காம்'னு பாடமாவே வெச்சாங்க. சந்தோஷம். ஆனா வகுப்பில் கேட்டதை வார்டில் பெரியவங்க செஞ்சு காட்டலேன்னா, அது லாக் புக்கில் கையெழுத்து வாங்குற இன்னொரு சமாச்சாரம். பசங்க கேக்குறதைவிட பாக்குறதைத்தான் படிக்கிறாங்க.

"தம்பி, ஓ.பி. கூட்டத்தை வந்து பாரு, கருணைக்கெல்லாம் ஏது நேரம்?"னு சொல்வாங்க. அய்யா, கட்டில் நம்பரைக் கூப்பிடுற நேரம்தான் பேரைக் கூப்பிடவும் ஆகும். திரையை இழுக்க அஞ்சு செகண்ட். திட்டுறதுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வருது?

கருணை ஏதோ வைத்தியத்துக்கு மேல தூவுற சர்க்கரைன்னு நினைக்கிறதுதான் தப்பு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாசம். இருமல் குறைஞ்சதும் பாதியில் மாத்திரையை நிறுத்துறவங்க உண்டு. திரும்பி வர்றவரை நாலு பேர் முன்னாடி "அறிவிருக்கா?"ன்னு கத்தினா, அடுத்த தடவை அவர் வரவே மாட்டார். அரைகுறையா மருந்தைப் பாத்த கிருமி, மருந்துக்கே மசியாத கிருமியா மாறலாம். வீட்டுல உள்ளவங்களுக்கும் பரவலாம். "ஏன் நிறுத்தினீங்க?"ன்னு தணிஞ்ச குரலில் கேக்குறதும் வைத்தியம்தான் சாமி.

குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிப் பாட்டு வைத்தியத்தை நாலாப் பிரிக்குது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து கவனிக்கிறவர். வரிசையில் முதலில் நிக்கிறது யாருன்னு இன்னொரு தடவை பாத்துக்குங்க.

டிஸ்கி: தூக்கமில்லாம ராத்திரி பகலா டூட்டி பாக்குற ஹவுஸ் சர்ஜன்கள் மேல எனக்குக் கோபமில்லை. அவங்களையும் யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா தேவலை.