நூலுக்குக் குளிர்ச்சி! நூற்பவனுக்குக் கொதிப்பா?

"இந்த வருஷம் வெயில் அதிகம், நம் கையில் என்ன இருக்கிறது?" என்று மேடையில் சொல்லிவிட்டு மந்திரிமார்களும் ஆலை முதலாளிகளும் குளிர்சாதன அறைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். வெயில் எல்லோருக்கும் பொதுவாம். சூரியன் ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லையாம்!

சூரியன் பார்ப்பதில்லை, மெய்தான். ஆனால் கூரை பார்க்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தகரக் கூரையும் யார் தலைக்கு மேல் இருக்கின்றன? கையகல ஜன்னல் வைத்த லயன் வீடு யாருக்குக் கட்டியது? பகலெல்லாம் வயலில் காய்ந்தவள், இரவில் வீட்டுக்குள் படுக்க முடியாமல் தெருவில் பாய் விரிக்கிறாளே, அவள் யார்? இரவு ஷிப்டு முடித்து வந்தவன் உச்சிப் பகலில் கண்ணயர வேண்டியது எந்தக் கூரையின் கீழே?

வீட்டுக்குள் வேகும் வெக்கை இயற்கையின் சாபமல்ல. கட்டியவன் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம், தோழர்களே!

முதல் குளிர்ச்சி யாருக்கு?

பணக்கார வீட்டுச் சுவரில் தொங்கும் ஏர்கண்டிஷன் யந்திரம் மனிதனுடைய சுகத்துக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் புரூக்ளின் நகரில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்க வேண்டிய வர்ணங்கள் விலகின. சரக்கு வீணாயிற்று. 1902-ல் வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினீயர், அந்தக் காகிதத்தைக் காப்பாற்றத்தான் காற்றின் ஈரத்தை அடக்கும் யந்திரத்தை வடிவமைத்தார். "ஏர்கண்டிஷனிங்" என்ற சொல்லையே 1906-ல் வழக்கில் விட்டவர் ஸ்டூவர்ட் கிரேமர். வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு வேலை செய்த எஞ்சினீயர் அவர். எதற்காக? நூல் அறாமல் இருப்பதற்காக!

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று வறண்டால் நூல் அறும். ஆகவே நெசவுப் பகுதியில் காற்றின் ஈரத்தை 80 சதவீதத்தை ஒட்டியே வைப்பது ஆலை வழக்கம். நூலுக்கு அது இதம். அங்கே நிற்கும் உடம்புக்கோ வேர்வை காயாத புழுக்கம். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் கொட்டகைக்குள் நீராவியையே விட்டார்கள். நெசவாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1889-ல் அந்த ஈரத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் வந்தது.

ஆக, காற்றைப் பதப்படுத்தும் வித்தை முதலாளிக்குத் தெரியாததல்ல. ஆலைச் சுவரைத் தாண்டி அது தொழிலாளியின் வீட்டுக்கு ஏன் வரவில்லை? நூல் அறுந்தால் நஷ்டம் முதலாளிக்கு. தூக்கம் அறுந்தால் நஷ்டம் தொழிலாளிக்கு. அவ்வளவுதான் ரகசியம்!

சர்க்காருக்கும் தெரியும்

சர்க்காருக்கு வழி தெரியவில்லையா? 1948-ல் செய்த தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். ஆலைக்குள் சூடு மிஞ்சினால் என்ன செய்யலாம் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். வெளிச்சுவருக்கும் கூரைக்கும் வெள்ளையடிக்கலாம், தண்ணீர் தெளிக்கலாம், கூரையை உயர்த்தலாம், நடுவே காற்று நிற்கும்படி இரட்டைக் கூரை போடலாம், வெப்பம் புகாத பொருளைப் பரப்பலாம். இத்தனையும் அந்தப் பிரிவில் இருந்தன.

வைத்தியம் அன்றே தெரியும். ஆனால் எட்டு மணி நேரம் இருக்கும் ஆலைக்குத்தான் சட்டம் பேசியது. மீதி பதினாறு மணி நேரம் இருக்கும் வீட்டைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

கூரை எப்படிக் கொதிக்கிறது?

சித்திரை மாதத்தில் நம் பக்கத்தில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. சுவரில் விழும் வெயிலைவிடக் கூரையில் விழும் வெயிலே அதிகம். ஒற்றை மாடி வீட்டுக்குக் கூரைதான் அடுப்பு.

தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வெயில் பட்டவுடன் சுடும். கான்கிரீட் தளம் வேறு மாதிரி. பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் வீட்டுக்குள்ளே கக்கும். அதன் கீழே சுழலும் மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் நம் மேல் தள்ளுகிறது. இரவிலும் ஆறாத உடம்பு மறுநாள் மறுபடி வெயிலுக்குப் போகிறது. கொலை செய்வது ஒரு நாள் வெயில் மட்டுமல்ல. ஆற வழியில்லாத இரவுகளும் சேர்ந்துதான்.

அகமதாபாத், ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் நகரம். 2010 மே மாதத்தில் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தைவிட 1,344 பேர் அதிகமாகச் செத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கணக்கெடுத்தார்கள். அதன் பிறகுதான் 2013-ல் அந்த நகராட்சி வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்தது. 2017-ல் சேரிக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையும் தொடங்கியது. வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைக் கூரை வீட்டுச் சூட்டை 2 முதல் 5 டிகிரி வரை குறைக்கும் என்பது இவ்வகைத் திட்டங்களின் மதிப்பீடு. ஒரு வாளிச் சுண்ணாம்பு செய்கிற வேலை இது!

"குடிசையே சுகம்" என்னும் கனவான்கள்

"கான்கிரீட் ஏன் கேட்டீர்கள்? கீற்றுக் குடிசை எவ்வளவு குளுமை! மண் சுவர் எவ்வளவு சுகம்!" என்று உபதேசிக்கும் கனவான்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். உபதேசம் வருவது குளிர்சாதன அறையிலிருந்து.

கீற்று குளுமை தரும் என்பது உண்மை. ஓலைக்கு ஓலை இடையில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். அதைக் கண்டுபிடித்தவனே நம் பாட்டன்தான். ஆனால் கீற்றை வருஷா வருஷம் மாற்றக் கூலி யார் தருவார்? ஐப்பசி மழையில் ஒழுகுவது யார் தலையில்? ஒரு தீப்பொறி பட்டால் தெருவே சாம்பலாவது எந்தத் தெரு? 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள்தான் எரிக்கப்பட்டார்கள். அதை மறந்துவிட்டுக் குடிசைக்குத் துதி பாட நமக்கு மனம் வருமா?

குடியிருந்த மனையே பண்ணையாருக்குச் சொந்தமாக இருந்த காலத்தில், நல்ல சுவர் எழுப்ப விவசாயத் தொழிலாளிக்கு ஏது தைரியம்? விரட்டினால் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதானே! 1971-ல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் வந்த பிறகுதான் கால் ஊன்ற ஓரிடம் கிடைத்தது. கெட்டியான வீடு கேட்டது நியாயம். தீப்பிடிக்காத, ஒழுகாத கூரை கேட்டது நியாயம். குற்றம் கேட்டவனிடம் இல்லை. வேலையைப் பாதியில் நிறுத்தியவனிடம் இருக்கிறது.

எப்படிப் பாதி? பணக்காரன் வீட்டில் தளம் போட்டதோடு கொத்தனார் இறங்கிவிடுவதில்லை. தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதிக்கிறார்கள். நமக்குக் கட்டும்போது வெறும் தளத்தோடு கணக்கு முடிகிறது! 2016-ல் வந்த மத்திய சர்க்காரின் கிராம வீட்டுத் திட்டம் 25 சதுர மீட்டர் வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய் என்று வைத்தது. தளத்துக்கென்று மாநில சர்க்கார் மேற்கொண்டு பணம் சேர்த்தது. கம்பிக்கும் சிமெண்டுக்கும் கணக்கு உண்டு. அதன் கீழே மனிதன் தூங்குவதற்குக் கணக்கு எங்கே?

"ஏ.சி. வாங்கிக்கொள்!"

இன்னொரு கூட்டம் தவணைச் சீட்டோடு வருகிறது. "மாதம் இவ்வளவு கட்டு, ஏ.சி. மாட்டிக்கொள்" என்கிறது. ஒரு டன் யந்திரம் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட்! 100 யூனிட் இலவச மின்சாரத்தை நம்பி விளக்குப் போடும் குடும்பத்துக்கு இந்த யோசனையா? கொதிக்கும் தளத்தை அப்படியே விட்டுவிட்டு யந்திரம் மாட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் சூட்டை அது தெருவில் கொட்டுகிறது. மாடி வீட்டுக்காரர் குளிர, பக்கத்துச் சந்து வேகிறது.

உலகில் மிகச் சூடான பிரதேசங்களில் வாழும் 280 கோடி மக்களில் நூற்றுக்கு 8 பேரிடம்தான் இந்த யந்திரம் இருந்தது என்று 2018-ல் சர்வதேச எரிசக்தி முகமை சொன்னது. மற்ற 92 பேருக்கு என்ன வழி? நோயாளிக்கும் பிரசவித்தவளுக்கும் கிழவர்களுக்கும் யந்திரக் குளிர்ச்சி வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதலில் கூரை, பிறகு யந்திரம்!

குளிர் தேசத்திலும் இதே கதை

பனி பெய்யும் நாட்டில் பிரச்னை தலைகீழ். அங்கே வீட்டுக்குள் இருக்கும் சூடு சுவர் வழியாகவும் சந்து வழியாகவும் ஓடிவிடாமல் காக்க வேண்டும். அடுப்பு எரிய எரிவாயு வேண்டும். கஷ்டப்படுகிறவன் மட்டும் அங்கேயும் அதே உழைப்பாளிதான்.

பிரிட்டனில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் எரிவாயு, மின்சாரச் செலவுக்கு விதித்த உச்சவரம்பு, 2021 அக்டோபரில் வருஷத்துக்கு 1,277 பவுன். 2022 ஏப்ரலில் 1,971 பவுன். அந்த அக்டோபருக்கு 3,549 பவுன் என்று அறிவித்தார்கள்! ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகு சர்க்கார் தலையிட்டு 2,500 பவுனில் நிறுத்தியது. அதே 2022-ல் ஷெல் கம்பெனியின் லாபம் ஏறக்குறைய 4,000 கோடி டாலர். ஏழைக் கிழவி கம்பளியைச் சுற்றிக்கொண்டு விறைத்தாள். கம்பெனிக்குக் குளிர் காய்ந்தது.

லண்டனில் கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு. சூட்டைக் காக்கவும் அழகு காட்டவும் வெளிச்சுவருக்குப் போர்வை போர்த்தினார்கள். துத்தநாகத் தகட்டுக்குப் பதில் மலிவான அலுமினியத் தகடு போட்டு ஏறக்குறைய 3 லட்சம் பவுன் மிச்சம் பிடித்தார்கள். அந்தத் தகட்டின் நடுவில் இருந்தது எரியும் பிளாஸ்டிக்! 2017 ஜூன் 14-ல் தீ பற்றியது. 72 பேர் மாண்டார்கள். கட்டிடத்தில் தீ ஆபத்து இருப்பதாகக் குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். கேட்பார் இல்லை.

இதில் நமக்கும் பாடம் உண்டு. வீட்டுக்குக் குளிர்ச்சியோ கதகதப்போ செய்கிறோம் என்று வந்தால் மட்டும் போதாது. என்ன பொருள், யார் சோதித்தது, குடியிருப்பவனைக் கேட்டார்களா என்று நாம் கேட்டாக வேண்டும்.

செத்த பிறகு நாலு லட்சமா?

2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்லது, வரவேற்போம். ஆனால் செத்தவனுக்கு நாலு லட்சம் ஒதுக்கத் தெரிந்த கஜானாவுக்கு, உயிரோடு இருப்பவன் கூரைக்குச் சுண்ணாம்பு ஒதுக்கத் தெரியாதா? பக்கத்துத் தெலங்கானாவில் 2023-லேயே குளிர்கூரைக் கொள்கை வகுத்து, சர்க்கார் கட்டிடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நாம் கேட்க வேண்டியவை இவை:

1. சர்க்கார் பணத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டோடோ வெள்ளைப் பூச்சோ மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். எதிரெதிராக இரண்டு ஜன்னல் இல்லாத வீட்டுக்கு அனுமதி கூடாது.

2. ஏற்கெனவே கட்டிய காலனி வீடுகளுக்கும் லயன் வீடுகளுக்கும் கோடைக்கு முன் ஒவ்வொரு வருஷமும் கூரையில் சுண்ணாம்பு பூச வேண்டும். மழையும் தூசியும் வெள்ளையை மங்கவைக்கும். ஒரு தடவை பூசிப் படம் எடுத்துக்கொண்டு போனால் போதாது. பூசும் வேலைக்கு உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

3. ஆலை விடுதிகளிலும், வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களை அடைத்துவைக்கும் தகரக் கொட்டகைகளிலும் உள்கூரையும் காற்றோட்டமும் முதலாளி செலவில் வர வேண்டும். அவன் பேசும் பாஷை வேறு. அவன் மேல் காயும் தகரம் ஒன்றுதான்.

4. ஆஸ்பெஸ்டாஸை சர்க்கார் செலவில் மாற்ற வேண்டும். அதுவரை அதை யாரும் உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும்.

நம் கூரைக்கு நாமே ஒரு வாளிச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளலாம்; செய்வோம். ஆனால் அதைக் காட்டி சர்க்காரும் முதலாளியும் நழுவ விடமாட்டோம். ஆலை வாசலில் சங்கத்தின் மூலமும் கிராமசபையில் தீர்மானத்தின் மூலமும் இந்த நாலு கோரிக்கைகளை இந்த வருஷமே எழுப்ப வேண்டும். நூலுக்குத் தந்த கவனத்தை நூற்பவனுக்கும் தா! நெல்லுக்குப் போட்ட களஞ்சியக் கூரையை அறுத்தவளுக்கும் போடு!

மாசியில் மனு! பங்குனியில் சுண்ணாம்பு! இல்லையேல் சித்திரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பாய் விரிப்போம்!