மரக்கொட்டகைக்குப் பூசத்தக்கது யாது?

மீஞ்சூர் முதல் பழவேற்காட்டு ஏரிக்கரை வரையுள்ள கிராமங்களில் விதை நெல்லுக்கும் ஏர்க்கருவிகளுக்குமென அமைக்கப்படும் பலகைக் கொட்டகைகளுக்கு உப்புக் காற்றே பெரும்பகை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பாணி துருப்பிடித்து, துருவைச் சூழ்ந்த மரமும் நைந்து, பலகை ஆட்டங்கொடுக்கும். நாகப்பூச்சிட்ட ஆணிகளுக்கு ஆகும் சிறு செலவைக் குறைப்பவர் பின்னர் பலகைக்கே செலவிட நேரும்.

பூச்சு என்றதும் குடியானவர் பலர் நிலக்கரித் தாரை நாடுகின்றனர். அது மலிவென்பது மெய்யே. ஆயினும் நீரிற் கிடக்கும் படகின் அடிப்பலகைக்கும் வெயிலில் நிற்கும் சுவருக்கும் தேவை ஒன்றன்று. கருஞ்சுவர் வெப்பத்தை ஏற்க, உள்ளிருக்கும் விதையின் முளைப்புத் திறன் குன்றும். தார் தோலிற் படுவது புற்றுநோய்க்கு ஏதுவாகும். மாடு நக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. எனாமல் வர்ணமோ, பலகை சுருங்கி விரியுங்கால் வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே மரத்தை உளுக்கச் செய்யும்.

செங்காவி கலந்த காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயே இவ்விடத்துக்கு ஏற்றது. எண்ணெய் மரத்தினுள் ஊறும். காவி வெயிலைத் தடுக்கும். சுரண்டாமலே மறுபூச்சு இடலாம். காவியின்றி எண்ணெயை மட்டும் பூசினால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பற்றும். சுவீடன் தேசத்தார் பாலூன் தாமிரச் சுரங்கத்துக் காவியை மாவுக் கஞ்சியிற் கூட்டித் தம் மரவீடுகளுக்குப் பூசி வருவது பல நூற்றாண்டு வழக்கம். ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த கந்தலைக் குவித்து வைத்தால் தானே தீப்பற்றும். வைக்கோற்போரின் அருகே அதனை எறிதல் பேராபத்து. நீரில் நனைத்துப் பரப்பி உலர்த்துக.

கிளிஞ்சற் சுண்ணாம்பு அடிப்பதிலும் கேடில்லை, மழையில் கரைந்துபோகும் என்பதைத் தவிர. ஆனால் கரைக்கும் நீர் நன்னீராதல் வேண்டும். மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தமை 1969 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது; உவர்க்கிணற்று நீரிற் கரைத்த சுண்ணாம்பு உப்பையே சுவரிற் பூசுவதாகும்.

மண்ணிற் புதையும் கால்களுக்கு எப்பூச்சும் போதாது. கல்லின்மேல் நிறுத்துவதே நன்று; இயலாவிடில் மருந்தேற்றிய மரம் வாங்கலாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் 1933 இல் கண்ட தாமிர, குரோமிய, பாஷாண மருந்து கறையானை நெடுநாள் தடுக்கும். அம்மரத்தின் அறுத்த துண்டுகளை மட்டும் அடுப்பெரிக்கலாகாது. புகையிலும் சாம்பலிலும் பாஷாணம் தங்கும்.

பஞ்சாயத்துக் கொட்டகைகளுக்கு மதிப்பீடு எழுதும் அலுவலர் வர்ணத்தின் பெயரைக் குறிப்பதோடு நில்லாமல், பூசும் மாதத்தையும் குறித்தல் வேண்டும். ஈரப்பலகையில் இட்ட பூச்சு எதுவும் நில்லாது. சித்திரை, வைகாசியில் மரம் நன்கு காய்ந்தபின், பலகையின் வெட்டுமுனைகளுக்கு முதலில் இருமுறை பூசி, ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.