இரு பாதையும் ஒரு படமும்



பெங்களூரின் மூத்தோர் ஒரு தொல்லையை நன்கறிவர். சென்னையிலிருந்து 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் வந்த வண்டி, 1000 மில்லிமீட்டர் அளவுள்ள மைசூர்ப் பாதையில் மேற்செல்ல இயலாதிருந்தது. பயணிகள் வண்டி மாறினர். சரக்கோ இறக்கி ஏற்றப்பட்டது. சரக்கில் பழுதில்லை, பாதைகளே வேறு. 1992-இல் தொடங்கிய ஒரே அளவுப் பாதைத் திட்டம் இத்தொல்லையைப் பெரிதும் நீக்கியது.

அதே 1992-இல் புகைப்படங்களுக்கும் ஒரு பொதுப் பாதை வரையறுக்கப்பெற்றது. அதுவே ஜேபெக். எவ்வகைக் கணிப்பொறியும் இதனைத் திறக்கும். எனினும் 2017 முதல் ஐபோன்கள் எச்.இ.ஐ.சி. என்னும் வேறு வடிவிலும் படங்களைச் சேமிக்கலாயின. இது ஏறத்தாழப் பாதி இடத்தையே கொள்ளும் என்பது இதன் நன்மை. ஆயின், விண்டோஸ் கணிப்பொறிகள் பல இதனைத் திறக்கத் தனித் துணைநிரல் கேட்கும்.

ஊரிலுள்ள தம்பி அனுப்பிய பாட்டியாரின் சதாபிஷேகப் படம் இங்குத் திறவாவிடில், "கெட்டுவிட்டது" என்றெண்ணி அழித்து விடுவோர் உளர். அவசரப்படலாகாது. மறைந்தோரின் கடைசிப் படம் அதுவாகவே இருக்கவும் கூடும் அன்றோ?

செய்யத்தக்கவை இவை. ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' எனச் சென்று 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காக அமையும். முன்னர் எடுத்தவை மாறா. அவற்றை மேக் கணிப்பொறியின் 'பிரிவியூ' செயலியில் திறந்து, ஜேபெக்காக ஏற்றுமதி செய்யலாம். கோப்பின் பெயரின் இறுதியை மட்டும் மாற்றுவது, பெட்டியின் பலகையை மாற்றிச் சக்கரத்தை விட்டுவிடுவது போலாகும்.

வாட்ஸ்அப் வழியே அனுப்புங்கால், புகைப்படமாக அனுப்பின் நுண்மை குறையும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பின் மூலம் அப்படியே சேரும். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட விரும்புவோர் இரண்டாவதையே கொள்க.

பென்டிரைவிலும் இப்பாதை வேற்றுமை உண்டு. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பை மேக் படிக்கும். தானாக அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் அமைப்பில் இரண்டும் படிக்கும், எழுதும். ஆனால் அமைப்பை மாற்றுகையில் உள்ளிருப்பன யாவும் அழியும். ஆகலின் முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்க.

எவ்வாறு மாற்றினும் மூலப்படத்தைக் காத்திடுக. வண்டி மாறலாம், சரக்கு தொலைதல் ஆகாது.