பேட்ஜர் முடிக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்

நோட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்துச் சகோதரர்களே, ஏனைய மத நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

"பேட்ஜர் முடி பிரஷ்தான் ஒரிஜினல், மற்றதெல்லாம் குப்பை" என்று ஒன்லைனில் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். நம் பொடியன்மாரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இப்போது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் சாமான்களுக்குள்ளும் இந்த ஷேவிங் செட் நுழைகிறது. பெண் வீட்டார் தலையில் இன்னொரு செலவு. அதனால்தான் எழுதுகிறோம். எங்கள் கருத்து இதுதான்: இந்த ஊருக்கு பேட்ஜர் பிரஷ் தேவையில்லை. என்ன முடி என்று எழுதாத எந்தப் பிரஷ்ஷும் தேவையில்லை.

"தாடி வைக்கிற கூட்டத்துக்கு ஷேவிங் பிரஷ் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: கன்னத்தையும் கழுத்தையும் மட்டும் எடுக்கிறவர்கள் இருக்கிறோம், முழுசாக எடுக்கிறவர்களும் நம்மிலேயே இருக்கிறார்கள். விஷயத்துக்கு வருவோம்.

முதலில் மென்மை. பேட்ஜர் முடியின் நுனி மெல்லியது, தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், நுரையும் நன்றாக வரும். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள். "பியூர்" என்றதும் சுத்தமான உயர்ந்த சாமான் என்று நினைக்க வேண்டாம். அதுதான் அடித்தரம், முகத்தில் குத்தும். சில்வர்டிப்தான் மிக மென்மையானது, விலையும் உச்சம். இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் "சூப்பர்" இன்னொரு கம்பனியின் "பெஸ்ட்" ஆக இருக்கலாம்.

அடுத்தது விறைப்பு. மென்மை மட்டும் இருந்து பயனில்லை, கட்டிச் சோப்பில் தேய்க்கும்போது பிரஷ் மடிந்து விழக் கூடாது. இது முடியின் இனத்தை மட்டும் பொறுத்ததல்ல. முடிக்கட்டு அடர்த்தியாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் எந்தப் பிரஷ்ஷும் விறைப்பாக நிற்கும். பன்றி முடிப் பிரஷ் விலை குறைவு, ஆரம்பத்தில் நல்ல விறைப்பு. ஊறவைத்துப் பாவிக்கப் பாவிக்க நுனி பிளந்து மென்மையாகும். அது நமக்கு ஏன் ஆகாது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மூன்றாவது செயற்கை இழை. பழைய நைலோன் பிரஷ் முகத்தைக் கீறியது உண்மைதான். இப்போது வருவது நுனி மெலிந்த பொலியெஸ்டர் இழை. மென்மையில் நல்ல பேட்ஜருக்குக் கிட்ட வந்துவிட்டது, துள்ளல் கொஞ்சம் கூட. தண்ணீரை அந்த அளவுக்குப் பிடிக்காது என்பதுதான் குறை. இடையில் இரண்டு சொட்டு விட்டால் தீர்ந்தது.

நம் மழையையும் கணக்கில் எடுங்கள். பக்கத்து வட்டவளை, நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று, வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல். மழைக் காலத்தில் பிள்ளைகளின் ஸ்கூல் சட்டையே காய்வதில்லை, பிரஷ் எங்கே காயும்? இயற்கை முடி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத்திலேயே கிடந்தால் வாடை வரும், பூஞ்சணம் பிடிக்கும், முடி கொட்டும். பொலியெஸ்டர் இழையை உதறி வைத்தால் போதும்.

விலை? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. சாதாரண பேட்ஜர் பிரஷ் ஒன்றே அப்படிப் பல நாட்சம்பளத்தை விழுங்கும். ஒரு நுரைக்கு இது நியாயமா?

பேட்ஜர் நம் நாட்டில் இல்லாத பிராணி. முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிராணியைக் கொல்வதைத் தடுக்கிறது, ஆனால் அங்கேயும் அதன் முடியில் செய்த பிரஷ் விற்பனையாகிறது. பேட்ஜர்கள் கூண்டில் படும் பாட்டை 2018இல் பீட்டா ஆசியா அமைப்பு வெளியே கொண்டுவந்தது. வாயில்லா ஜீவனை வதைத்து எடுத்த முடியால் முகத்தில் நுரை பூசுவதில் என்ன பெருமை?

இனி முக்கியமான விஷயம். ஷாபிஈ மத்ஹபில் பன்றியின் முடியும் நஜீஸ். ஈர முகத்தில் அதைத் தேய்த்துவிட்டுத் தொழுகைக்கு நிற்கலாமா? பேட்ஜர் முடியின் சட்டத்தை ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள், பத்வா கொடுப்பது எங்கள் வேலையல்ல. ஆனால் பெட்டியில் "பிரிஸ்டில்" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்குபவருக்கு என்ன விளங்கும்? அந்தச் சொல் பெரும்பாலும் பன்றி முடியைத்தான் குறிக்கிறது. பன்றி முடிக்குச் சாயம் போட்டு பேட்ஜர் மாதிரிக் கோடு வரைந்த பிரஷ்களும் சந்தையில் உண்டு.

"சின்னச் சாமானுக்கு இவ்வளவு பேச்சா?" என்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடிக்குத் தட்டுப்பாடு வந்தது. சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியில் போலிப் பிரஷ்கள் வந்தன. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவற்றால் அந்த்ராக்ஸ் தொற்றி ஆட்கள் மௌத்தானார்கள். என்ன முடி என்பதை மறைத்ததில் போன உயிர்கள் அவை.

மலேசியாவில் பன்றி, நாய் உறுப்புகளில் செய்த பொருட்களுக்கு லேபல் போட வேண்டும் என்று 2013இல் ஆணை வந்தது. 2017 பெப்ரவரியில் லேபல் இல்லாத 2,000க்கு மேற்பட்ட பிரஷ்களை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். அதே 2013இல் நம் நாட்டில் ஹலால் இலச்சினையை வைத்து என்னென்ன நடந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் தெளிவாகச் சொல்கிறோம்: நாங்கள் ஹலால் லேபல் கேட்கவில்லை. "இது இன்ன முடி" என்று ஒரு வரி கேட்கிறோம். மாமிசம் தொடாத இந்து சகோதரருக்கும், உயிர்வதை வேண்டாம் என்கிற பௌத்த சகோதரருக்கும் அந்த வரி பயன்படும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்க நுகர்வோர் அதிகாரசபைக்கு அதிகாரம் இருக்கிறது. அவர்களின் இலக்கம் 1977. பேசுங்கள், எழுதுங்கள்.

கடைக்கார நாநாமாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மொத்தக் கடையில் பெட்டியோடு எடுப்பவருக்கும் உள்ளே என்ன முடி என்று தெரியாது. கேளுங்கள், எழுத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பிரஷ்ஷில் சந்தேகமா? ஓர் இழையை நெருப்பில் காட்டுங்கள். முடி கருகின நாற்றம் வந்தால் பிராணி முடி. உருகி உருண்டையானால் செயற்கை.

மாப்பிள்ளைமாருக்குக் கடைசியாக ஒன்று. பெண் வீட்டில் பேட்ஜர் செட் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் முகத்துக்கான பிரஷ்ஷை உங்கள் உழைப்பில் வாங்குங்கள். சரியென்று பட்டால் மற்றவர்களுக்கும் எத்திவையுங்கள். வஸ்ஸலாம்.