அட்டையில் இருப்பது ஒரு வசனம்தான்

புது வருஷம் பிறக்கும் நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது நம் சபைகள் பலவற்றில் இருக்கிற வழக்கம். (கிறிஸ்தவரல்லாத தோழிகளுக்காகச் சொல்கிறேன்: வேதாகம வசனம் ஒன்றைப் பூ படமோ அருவி படமோ போட்டு அச்சடித்த சின்ன அட்டை. அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தந்த வாக்கு என்று அர்த்தம்.) கோயில் வாசலிலேயே "உங்களுக்கு என்னக்கா வந்திருக்கு?" என்று விசாரணை தொடங்கிவிடும். நல்லதாக வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுமாராக வந்தவள் சத்தமில்லாமல் திரும்பிப்போய் இன்னொன்று எடுப்பாள். அப்புறம் அது பீரோ கண்ணாடியில் ஏறி, அடுத்த டிசம்பர் வரை அங்கேயே இருக்கும்.

அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறவளுக்குக் கண்ணெதிரே ஒரு வசனம் இருப்பது நல்லதுதான். ஆனால் நம்மில் பல பேருக்கு வேத வாசிப்பு அந்த அட்டையோடு முடிந்துபோகிறதே, அதுதான் என் கவலை.

அட்டைகளில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் நம்மைப் பற்றி நல்லதையே நினைத்திருக்கிறார் என்று ஆறுதல் சொல்லும் வசனம். மகளுக்கு வரன் தேடுகிறவளும், வீட்டுக்காரருக்கு வேலை போனவளும் இதைப் பிடித்துக்கொண்டு ஈஸ்டருக்குள் காரியம் நடந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். ஆனால் இது யாருக்கு எழுதினது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதத்தில் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்திலேயே, 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. எழுபது! அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பாட்டிகள் யாரும் ஊர் திரும்பியிருக்க முடியாது. அதுவரை என்ன செய்வதாம்? அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், தோட்டம் போட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும், சிறைபிடித்துப்போன அந்த ஊர் நன்றாயிருக்கவே ஜெபம் பண்ண வேண்டும். இத்தனையும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. அட்டையில் இடம் கிடையாது, பாவம்.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று, அதுவும் ஆண்டவர் பெயரைச் சொல்லியே, பேசினான். எழுபது என்கிறவரையும் இரண்டு என்கிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கூட்டம் யார் பின்னால் போகும்? நமக்கே தெரியும். ஆனால் அவன் சொன்னது பொய் என்று வேதம் சொல்கிறது.

இது ஏதோ பழங்கதை இல்லை தோழிகளே. எங்கள் தெருவில் ஒரு அக்கா, சர்க்கரை வியாதிக்காரர். ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் வந்து பேசின ஊழியக்காரர், "மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சுகம் கேட்டால் அது என்ன விசுவாசம்?" என்றாராம். அக்கா அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. காலில் வந்த புண் ஆறாமல், கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அதே கூட்டத்தார் சொன்னது என்ன தெரியுமா? "உங்க விசுவாசம் பத்தலை சிஸ்டர்." விரல் போனதைவிட அக்காவை அதிகமாக அழவைத்தது இந்த வார்த்தைதான்.

பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பிலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கக் கிருபைதான் கிடைத்தது. அவர் விசுவாசம் பத்தவில்லை என்று எந்த ஊழியக்காரராவது சொல்வாரா? அதே பவுல்தான் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கைமருந்து எழுதி அனுப்புகிறார். கூட இருந்த லூக்கா வைத்தியர். வேலூரில் 1900-ல் மருத்துவ ஊழியத்தை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மா ஜெபிக்கத் தெரியாதவரா? நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மாவை எல்லாருக்கும் தெரியும். 1931-ல் கீழே விழுந்ததிலிருந்து 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்தப் படுக்கையிலிருந்தே எத்தனையோ புத்தகம் எழுதினார். இதெல்லாம் தெரிந்திருந்தால் எங்கள் தெரு அக்கா அந்த ஊழியக்காரரிடமே, "ஐயா, பவுலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பார்.

"உபதேசமெல்லாம் ஐயர் பாடு, நமக்கு ஜெபம் போதும்" என்று சொல்லும் பெண்கள் நிறைய. எனக்கு இதில் சம்மதமில்லை. அப்பொல்லோ என்கிற பெரிய பிரசங்கியாரைத் தனியே அழைத்து, இன்னும் சரியாக விளக்கிச் சொன்னவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. கூடாரம் தைத்துப் பிழைத்த குடும்பம். தீமோத்தேயுவுக்கு விசுவாசத்தை ஊட்டினது பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும். நாம் சரியாகத் தெரிந்துவைத்திருந்தால்தானே பிள்ளைக்கும் சரியாகப் போய்ச் சேரும்?

தெரிந்துகொண்டால் ஜெபமும் மாறும். சங்கீதங்களில் பாதிக்குப் பாதி அழுகையும் முறையீடும்தான் என்று வாசித்துப் பார்த்தவளுக்கு, ஆண்டவரிடம் போய்ச் சிரித்த முகமாய் நிற்க வேண்டியதில்லை என்று புரியும். "எவ்வளவு நாள் ஆண்டவரே?" என்று அவளும் வாய்விட்டுக் கேட்பாள். கேட்டது கிடைக்காத அன்றைக்கும் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவாள். பாயை விரித்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்தப் பத்து நிமிஷம், டிவி சீரியலுக்கு முன்னாலா பின்னாலா என்பது அவரவர் வீட்டு வழக்கு, நான் தலையிடவில்லை.

நேரம் இல்லை என்பீர்கள். இட்லி வேகிற நேரத்தில் ஒரு அதிகாரம் வாசித்துவிடலாம், நான் கடிகாரம் வைத்துப் பார்த்தே சொல்கிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவிகளிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஜனவரிக் கூட்டத்துக்கு அவரவர் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது, யார் யாருக்குச் சொன்னது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் எடுத்து வாசிக்கட்டும். எரேமியா வந்தவர்கள் 28-ஐயும் சேர்த்தே வாசியுங்கள். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாத்திரை டப்பாவோடு.

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை