திரும்பி வந்தவன் ஊதாரியா?

பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவரை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பிராடிகல் சன்’ என்கின்றன. கட்சி மாறிப் போய் மறுபடி வந்து சேரும் அரசியல்வாதிக்கும் இதே பட்டம்தான். நம்மவர்களும் ‘பிராடிகல்’ என்றால் ‘திரும்பி வந்தவன்’ என்று நினைத்து மேடையில் முழங்குகிறார்கள்.

உண்மையில் அதன் பொருள் ஊதாரி. ‘முன்னே ஓட்டிவிடுதல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். காசை மந்தை போல் ஓட்டிவிடுகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். லூக்கா சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தில் இளைய மகன் பாகம் பிரித்து வாங்கி, தூரதேசம் போய் அத்தனையும் அழித்து, பன்றி மேய்த்து, பிறகுதான் தகப்பனிடம் வருகிறான். பட்டம் கிடைத்தது அழித்ததற்கு. (1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் வசனங்களுக்குள் அந்தச் சொல்லே கிடையாது, அதிகாரத்தின் தலைக்குறிப்பில்தான் இருக்கிறது.) தமிழில் ‘ஊதாரி மைந்தன்’ என்கிறோம், குழப்பத்துக்கே இடமில்லை.

சில அகராதிகள் இப்போது ‘திரும்பி வந்தவர்’ என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டன. சேர்க்கட்டும். கேட்பவர் காதில் பழைய பொருள்தானே விழுகிறது?

எங்கள் குடியிருப்பில், துபாயில் 18 வருஷம் உழைத்துத் திரும்பிய ஒருவரை வரவேற்றவர் வாய் நிறைய இப்படித்தான் அழைத்தார். இரண்டு தங்கைகளின் கல்யாணமும் தகப்பனாரின் வைத்தியமும் அந்தப் பிள்ளை அனுப்பிய பணத்தில் நடந்தவை. முன்வரிசையில் இருந்த தாயார் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் முகம் சுருங்கியது. அகராதியைக் கொண்டுபோய்ப் பேச்சாளரிடம் காட்டினேன். “எல்லாரும் இப்படித்தானே சொல்றாங்க சார்” என்றார்.

‘நம்ம பிள்ளை வந்துட்டான்’ என்று தமிழில் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் சிரித்திருப்பார்.